தோற்கத் தெரிந்தவர்களின் ஆட்டம்

பகடை உண்டு, விதி உண்டு, எதிரி உண்டு. கோப்பை மட்டும் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஐம்பது ஆண்டுகளாகக் கதை வளர்க்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி…

மேசை நடுவில் பத்து மெழுகுவத்திகள் எரிகின்றன. அறையில் வேறு வெளிச்சம் கிடையாது. சுற்றி உட்கார்ந்திருக்கும் நான்கைந்து பேரும் ஆளுக்கொரு பாத்திரம். ஆட்டம் தொடங்குமுன், தன் பாத்திரம் இந்த உலகத்துக்கு விட்டுச்செல்லும் கடைசிச் செய்தியை ஒவ்வொருவரும் செல்போனில் பதிவு செய்கிறார்கள். பிறகு பகடை உருள்கிறது. வீச்சு தோற்றால் காட்சி முடியும், ஒரு மெழுகுவத்தி அணையும். காற்றில் தானாக அணைந்தாலும் கணக்குதான். மறுபடி ஏற்றக் கூடாது. தன் பாத்திரத்தின் குணத்தை எழுதிவைத்த சீட்டைக் கொளுத்தினால் கெட்ட பகடையை மீண்டும் உருட்டிப் பார்க்கலாம். அப்படியும் கடைசித் திரி அணைந்தே தீரும். அத்தோடு, மிச்சமிருக்கும் எல்லாரும் சாகிறார்கள். அந்த இருட்டில், முதலில் பதிவு செய்த குரல்கள் ஒலிக்கின்றன.

ஸ்டீபன் டூயி வடிவமைத்து 2015-ல் வெளிவந்த ‘டென் கேண்டில்ஸ்’ என்ற விளையாட்டு இது. யாரும் பிழைக்கப் போவதில்லை என்பது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. தெரிந்தேதான் உட்காருகிறார்கள்.

ஜெயிக்கவே முடியாத விளையாட்டுக்கு ஒரு மாலைப்பொழுதை எதற்காகக் கொடுக்க வேண்டும்? கேரம், செஸ், ரம்மி என்று வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வி எழும். மேசையில் ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய வரலாறுதான்.

ஒரு நாற்காலியில் இரண்டு பேர்

ரோல்-பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி. பெரும்பாலான ஆட்டங்களில் ஒருவர் கேம் மாஸ்டர். உலகம், வழியில் எதிர்ப்படும் மனிதர்கள், வில்லன்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். “கோட்டை வாசலில் காவலாளி நிற்கிறான். என்ன செய்யப்போகிறீர்கள்?” என்பார் கேம் மாஸ்டர். ஒருவர் லஞ்சம் கொடுக்கப் பார்ப்பார், இன்னொருவர் சுவரேறப் பார்ப்பார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். மற்றபடி ஆட்டத்தின் பெரும்பகுதி பேச்சுதான்.

ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு பேர் குழுவில் ஒரு திருடி. சிறு வயதில் தம்பியை ஆற்றில் பறிகொடுத்தவள். தண்ணீரைக் கண்டால் நடுங்குவாள். புதையல் அறைக்குப் போக இருப்பது ஒரே வழி, இடுப்பளவு நீர் தேங்கிய சுரங்கம். ஆடுகிறவருக்குத் தெரியும், அந்தத் தண்ணீரில் ஆபத்து எதுவுமில்லை. திருடிக்கு அது தம்பியைக் கொண்டுபோன ஆறு. ஜெயிப்பது மட்டுமே குறி என்றால் “இறங்கி நடக்கிறேன்” என்று ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும். கதையை நேசிப்பவர் அந்த வாசலில் நின்றுவிடுவார். மற்ற மூவரும் அவளோடு பேசியாக வேண்டும். தம்பியைப் பற்றி அதுவரை வாய்திறக்காதவள் சொல்ல நேரும். பின்னால் துரத்திவருபவர்களின் காலடி நெருங்கும். அரை மணி நேரம் போகும். புதையலும் கைநழுவிப் போகலாம். ஆனால், பல மாதம் கழித்து அந்த நால்வரும் சந்தித்தால் பேசப்போவது அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

இதைப் பார்த்துவிட்டு ‘இவர்களுக்கு வெற்றியில் அக்கறை இல்லை’ என்று முடிவுகட்டினால் அது அவசரம். திருடிக்குப் புதையல் வேண்டும், வெறியோடு வேண்டும். வேண்டாமென்றால் அவள் சுரங்க வாசலில் நின்று தவிக்கவே தேவையில்லை, வீட்டுக்குப் போய்விடலாம். ஜெயிக்கும் ஆசை ஆடுகிறவரிடமிருந்து பாத்திரத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் விடிவதற்குள் படுகளத்தில் விழப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக அவர் அரைமனதோடா கதாயுதத்தைச் சுழற்றுகிறார்? ஆர்.பி.ஜி. மேசையில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். இங்கே முடிவை யாரும் எழுதிவைக்கவில்லை. துரியோதனன் ஜெயித்துவிடவும் கூடும்.

வரைபடத்திலிருந்து வேடத்துக்கு

இந்த ஆட்டத்தின் வேர் ராணுவத்தில் இருக்கிறது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர்ப்பயிற்சி விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் படைத்துண்டுகளை நகர்த்துவார்கள். பகடையையும் கணக்கையும் வைத்து நடுவர் விளைவைச் சொல்வார். இன்றைய கேம் மாஸ்டரின் முன்னோடி அந்த நடுவர்தான். ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரே ஆசை: எதிரிப்படையை முறியடிப்பது.

அந்த ஆசை முதன்முதலாகச் சிதறிய இடங்களில் ஒன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் – செயின்ட் பால் இரட்டை நகரம். 1969-ல் அங்கே டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் தன் போர்விளையாட்டுக் கூட்டாளிகளுக்கு ஒரு புது ஏற்பாடு செய்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்று, பெயர் பிரவுன்ஸ்டைன். படைகள் ஊருக்கு வெளியே. ஊருக்குள் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு நோக்கம். சண்டை தொடங்குவதற்கு முன்பே ஆட்டம் கைமீறிவிட்டது. ஆட்கள் மூலைக்குப் போய் ரகசியம் பேசினார்கள், சதி செய்தார்கள், யார் முறை என்பதையே மறந்தார்கள். ஆட்டம் படுதோல்வி என்று வெஸ்லி நினைத்தார். கூட்டாளிகளோ இன்னொன்று வைக்கச் சொல்லி நச்சரித்தார்கள்.

பின்னால் வைத்த ஒரு பிரவுன்ஸ்டைன் ஆட்டம் லத்தீன் அமெரிக்கக் கற்பனைக் குடியரசு ஒன்றில் நடந்தது. டேவ் ஆர்னசன் என்பவருக்குக் கிடைத்தது மாணவப் புரட்சிக்காரர் வேடம். துண்டறிக்கை விநியோகித்தால் புள்ளி. அவர் போலி அடையாள அட்டையோடு வந்து, தான் சி.ஐ.ஏ. ஆள் என்று மற்றவர்களை நம்பவைத்து, ஹெலிகாப்டரில் ஏறித் தப்பி, மேலிருந்து ஊர் முழுக்கத் துண்டறிக்கைகளைக் கொட்டினார் என்பது இந்த வட்டாரத்தில் இன்றும் சுற்றிவரும் கதை. புள்ளியும் அவருக்குத்தான் குவிந்தது. ஆனால் அதை யாரும் எண்ணிச் சொல்வதில்லை, ஹெலிகாப்டரைத்தான் சொல்கிறார்கள்.

அதே ஆர்னசன் ‘பிளாக்மூர்’ என்ற மாயாஜால உலகத்தை உருவாக்கி, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவில் இருந்த கேரி கைகாக்ஸிடம் ஆடிக் காட்டினார். இருவரும் சேர்ந்து 1974-ல் கொண்டுவந்ததுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. முதல் அச்சு 1,000 பெட்டிகள், ஓராண்டுக்குள் தீர்ந்தன. அட்டையில் அது தன்னைப் போர்விளையாட்டு விதித்தொகுப்பு என்றே சொல்லிக்கொண்டது. கதை, பாத்திரம் என்ற பேச்செல்லாம் ஆடியவர்கள் பின்னால் கொண்டுவந்து சேர்த்தவை.

தங்கத்துக்குப் புள்ளி

எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அனுபவப் புள்ளி இரண்டு வழியில் வந்தது: பூதத்தைக் கொன்றால், புதையலை வெளியே கொண்டுவந்தால். ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. ஆக, குழுவின் மாவீரனும் மந்திரவாதியும் உள்ளூரக் கொள்ளைக்காரர்களாகத்தான் நடந்துகொள்வார்கள். இருட்டறையை நீண்ட கம்பால் குத்திப் பார்த்து, காசை மூட்டை கட்டி, உயிரோடு திரும்புவது ஒரு தனித் திறமை. 1975-ல் பால்டிமோரில் நடந்த ‘ஒரிஜின்ஸ்’ மாநாட்டில் கைகாக்ஸ் வைத்த ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ போட்டி அந்தத் திறமைக்கான பரீட்சை. கால் வைக்கும் இடமெல்லாம் பொறி. ஆட்களைக் கொல்வதற்கென்றே கட்டிய கல்லறை. அங்கே போய் திருடியின் தம்பியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமிருந்திருக்காது.

அதே 1975-ல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். பல ஊர்க்காரர்கள் தங்கள் பக்கங்களை அனுப்புவார்கள். அவர் தொகுத்து அனுப்புவார். ஆடுகிறவர்கள் தங்கள் பாத்திரங்களின் சாகசங்களை அதில் எழுதினார்கள். எப்படி ஆடுவது சரி என்று இதழ் இதழாகச் சண்டையும் போட்டார்கள். 1980-ல் கிளென் பிளேகோ என்பவர் ‘டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்’ பத்திரிகையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்துக் கட்டுரை எழுதினார்: பாத்திரமாகவே வாழ்பவர், கதையைத் தேடுபவர், தன் பாத்திரத்தின் பலத்தைப் பெருக்குபவர், போர்த்தந்திரம் வகுப்பவர். இன்றுவரை மேசைகளில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, இந்த நால்வரும் ஒரே மேசையில் உட்காருவதால் வருபவை.

விதி மாறினால் குணம் மாறும்

‘கதைக்கு முக்கியத்துவம் கொடுங்கள்’ என்று உபதேசம் செய்வது ஒரு வழி. கதையைக் கேட்கும் விதியை எழுதுவது வேறு வழி. அடுத்த முப்பது ஆண்டுகளில் பலர் இரண்டாவது வழியில் போனார்கள்.

1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதிய ‘கால் ஆஃப் கதுலு’ என்ற துப்பறியும் திகில் ஆட்டத்தில் உயிர்ப்புள்ளியோடு மனத்தெளிவுப் புள்ளியும் உண்டு. காணக்கூடாததைக் கண்டால் அது குறையும். அந்த உலகின் ரகசியங்களை அறிய அறிய, மனத்தெளிவின் உச்சவரம்பே இறங்கிக்கொண்டு வரும். துப்பறிகிறவர் உண்மையை நெருங்குவதும் பைத்தியத்தை நெருங்குவதும் ஒரே பாதை. மற்ற ஆட்டங்களில் பாத்திரம் நாளுக்கு நாள் பலம் கூடும். இதில் நாளுக்கு நாள் உடையும். அப்படியும் இன்றுவரை விரும்பி ஆடப்படுகிறது.

1985-ல் கிரெக் ஸ்டாஃபர்டின் ‘பென்டிராகன்’ வந்தது. ஆர்தர் மன்னரின் மாவீரர்களைப் பற்றிய ஆட்டம். இதில் குணங்களுக்கே எண் உண்டு. நேர்மையும் வஞ்சகமும் ஒரு ஜோடி. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 20. நேர்மை 16 என்றால் வஞ்சகம் 4. உங்கள் வீரன் பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்ற நிலை வரும்போது, பொய் சொல்ல அவனால் முடிகிறதா என்பதையே இருபது முகப் பகடை சொல்லும். எண் ஒத்துவந்தால் அவன் உண்மையைக் கக்கிவிடுவான். நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆட்டம் தலைமுறை தாண்டி ஓடும். வீரன் செத்தால் அவன் வாரிசை எடுத்து ஆடுவீர்கள். அப்பனின் பகையும் பேரும் மகனுக்கு வந்து சேரும். ஒருவன் சாவது இங்கே ஆட்டத்தின் முடிவாக இல்லாமல், அடுத்த அத்தியாயத்துக்கு முதலாகிறது.

1991-ல் வந்த ‘வாம்பயர்: த மாஸ்கரேட்’ ரத்தக்காட்டேரியை வேட்டையாடுவதை விட்டுவிட்டு, ரத்தக்காட்டேரியாகவே வாழச் சொன்னது. அதில் மனிதத்தன்மைக்கு ஒரு அளவுகோல். பாவம் செய்யச் செய்ய அது இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டால் பாத்திரம் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். பசியும் மனசாட்சியும் மோதுவதுதான் முழு ஆட்டமும்.

2005-ல் வந்த ‘டிரெட்’ பகடையையே தூக்கிப் போட்டுவிட்டது. மேசையில் மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரம். ஆபத்தான காரியம் செய்ய ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரம் கதையிலிருந்து போய்விடும், பெரும்பாலும் சாவு. இதில் ஒரு அழகான விதி: நீங்களே வேண்டுமென்று கோபுரத்தைத் தட்டிவிடலாம். அப்போது உங்கள் பாத்திரம் செய்ய நினைத்த காரியம் கட்டாயம் ஜெயிக்கும், பாத்திரம் சாகும். மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டுச் சாவதை இத்தனை எளிமையாக வேறு எந்த விதியும் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை.

2009-ல் ஜேசன் மார்னிங்ஸ்டார் ‘ஃபியாஸ்கோ’வைக் கொடுத்தார். கேம் மாஸ்டரே கிடையாது. மூன்று முதல் ஐந்து பேர், சில மணி நேரம், கோயன் சகோதரர்களின் படங்களில் வருவதுபோல் ஆசை பெரிதாகவும் புத்தி கொஞ்சமாகவும் இருக்கும் மனிதர்கள். உங்கள் முறை வரும்போது காட்சியை நீங்கள் அமைக்கலாம். அல்லது அதன் முடிவை நீங்கள் தீர்மானிக்கலாம். இரண்டும் கிடைக்காது, ஒன்றை மேசைக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அடுத்த ஆண்டு வின்சென்ட் பேக்கரின் ‘அபொகாலிப்ஸ் வேர்ல்ட்’, இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகைக்கு மூன்று விளைவு வைத்தது. பத்தும் அதற்கு மேலும் வெற்றி. ஏழு முதல் ஒன்பது வரை வெற்றிதான், ஆனால் விலை கொடுக்க வேண்டும். ஆறும் அதற்குக் கீழும் விழுந்தால் கேம் மாஸ்டர் கை ஓங்கும். ‘முடியவில்லை’ என்று கதை நின்றுபோகும் இடமே இல்லை. அந்த வழியில் 2012-ல் வந்த ‘டன்ஜன் வேர்ல்ட்’, வீச்சு தோற்றால் அனுபவப் புள்ளி கொடுத்தது. தங்கக்காசுக்குப் புள்ளி கொடுத்த காலத்திலிருந்து எவ்வளவு தூரம்!

தாய்க்கழகமும் சும்மா இருக்கவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு, பாத்திரத்துக்கு லட்சியம், பற்று, குறை மூன்றையும் எழுதச் சொன்னது. அவற்றுக்கு ஏற்ப ஆடினால் கேம் மாஸ்டர் தரும் பரிசு, ஒரு வீச்சில் கூடுதல் பகடை.

பெட்டிச் செய்தி: முதல் மேசைக்கு

• ஆள்: மூன்று முதல் ஐந்து பேர் போதும். கூட்டம் கூடினால் பேச முறை வராது.

• பகடை: ஃபியாஸ்கோவின் முதல் பதிப்புக்கு இரண்டு நிறத்தில் சாதாரண ஆறுமுகப் பகடை போதும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட செட் வேண்டும்.

• பாத்திரம்: நாலு பக்க முன்கதை எழுத வேண்டாம். தீராத ஒரு ஆசை, அதற்குக் குறுக்கே நிற்கும் ஒரு பலவீனம், மேசையில் இருக்கும் இன்னொரு பாத்திரத்தோடு ஒரு கணக்கு. இந்த மூன்றும் போதும்.

• முதல் பேச்சு: பகடையைத் தொடுமுன் எந்த மாதிரிக் கதை, எவ்வளவு ரத்தம், எது வேண்டவே வேண்டாம் என்று பேசிவிடுங்கள். இதை ‘செஷன் ஜீரோ’ என்பார்கள்.

கதையின் பேரால்

கதைப் பிரியர்களும் மேசையைக் கெடுப்பதுண்டு. முதல் ரகம், கதையைத் தன் சொத்தாக்கிக்கொள்ளும் கேம் மாஸ்டர். 1984-ல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ சாகசத் தொடர் இதற்குப் பேர்போன உதாரணம். நாவலும் ஆட்டமும் கைகோத்து வந்தன. நாவலுக்குத் தேவையான பாத்திரம் மேசையில் செத்துவிட்டால் என்ன செய்வது? அந்தச் சாவைக் கண்ணால் காணாதபடி மறைத்துவைத்து, பின்னால் திரும்பி வர வழிவிடச் சொன்னது தொடர். நாவல்கள் பிரமாதமாக விற்றன. ஆனால் மேசையில் இருப்பவர் என்ன செய்தாலும் வண்டி போகும் ஊர் ஒன்றுதான் என்றால், அவர் பார்வையாளராகிவிடுகிறார். ‘ரெயில்ரோடிங்’ என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்.

இரண்டாவது ரகம், ‘என் கேரக்டர் அப்படித்தான்’ பேர்வழி. சக பாத்திரத்தின் பணப்பையைத் திருடுவார், சமாதானம் பேசப்போன இடத்தில் வாளை உருவுவார், கேட்டால் பாத்திரத்தின் மேல் பழி போடுவார். அந்தக் குணத்தைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான் என்பது வசதியாக மறந்துபோகும். பாத்திரத்துக்கு விசுவாசமாக இருப்பதன் எல்லை, மேசையில் இருக்கும் மற்றவர்களின் மகிழ்ச்சி. சுரங்க வாசலில் நடுங்கும் திருடி மற்ற மூவருக்கும் வேலை கொடுக்கிறாள். பணப்பைத் திருடன் எல்லாரிடமிருந்தும் பிடுங்குகிறான்.

மூன்றாவது சிக்கல் யாருடைய தவறுமல்ல. பாத்திரத்துக்குள் ஆழமாக இறங்கினால் சில சமயம் அதன் துக்கம் ஆடுகிறவர் மேல் ஏறிவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் இதற்கு ஒரு எளிய உபாயம் சொன்னார். ‘எக்ஸ்’ என்று எழுதிய ஓர் அட்டையை மேசை நடுவில் வைத்துவிடுவது. யாருக்காவது காட்சி தாங்கவில்லையென்றால் அதைத் தொட்டால் போதும். விளக்கம் கேட்காமல் அந்த விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இப்போது பல மேசைகளில் அது வழக்கம்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள்

அடுத்தவர் சீட்டாடுவதை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? அடுத்தவர் ஆர்.பி.ஜி. ஆடியதைப் படிக்க ஆள் உண்டு என்பதை ஜப்பான் காட்டியது. 1986-ல் ‘காம்ப்டிக்’ பத்திரிகையில் ஒரு குழு தங்கள் ஆட்டத்தை உரையாடல் வடிவில் தொடராக வெளியிட்டது. அதிலிருந்து ரியோ மிசுனோவின் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்’ நாவல்கள் பிறந்தன, பிறகு அனிமே வந்தது.

அமெரிக்காவில் 2015-ல் ‘கிரிட்டிக்கல் ரோல்’ தொடங்கியது. அப்போது மேத்யூ மெர்சர் கேம் மாஸ்டர். உடன் ஆடியவர்கள் அனைவரும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். சொந்த நண்பர் வட்டத்தில் ஆடிவந்ததை நேரலையில் காட்டினார்கள். வாரம் பல மணி நேரம், நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள். தங்கள் பாத்திரங்களைக் கார்ட்டூனாக்க 2019-ல் ரசிகர்களிடம் 7.5 லட்சம் டாலர் கேட்டார்கள், வந்தது 1.1 கோடி டாலருக்கும் மேல். 2023-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஆடினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ள அங்கே யாரும் டிக்கெட் வாங்கவில்லை. அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கப் போனார்கள்.

புகழ் ஒரு சங்கடத்தையும் கூட்டிவந்தது. திரையில் நடிகர்களைப் பார்த்துவிட்டு வரும் புதியவர்கள், தங்கள் மேசையிலும் அதே குரலும் கண்ணீரும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அலுவலகம் முடிந்து களைத்து வரும் ஒரு கேம் மாஸ்டரால் அது எப்படி முடியும்? பாத்திரத்தை ஆடக் குரல் மாற்றத் தேவையே இல்லை. “அவள் தண்ணீருக்குள் காலை வைக்க மாட்டாள்” என்று சாதாரணக் குரலில் சொன்னாலே காட்சி நடந்துவிடும்.

தோற்பதும் ஒரு கலை

கணக்குப் போட்டு ஜெயிக்க விரும்புகிறவர்களை மட்டமாகப் பேசுவது கதைப் பிரியர்களிடம் இருக்கும் கெட்ட பழக்கம். தன் வீரனின் வாள்வீச்சுக்கு எண்களை நுணுக்கிப் பார்ப்பவரே, அவன் தாயைப் பிரியும் காட்சியில் மேசையை உருகவைக்கவும் கூடும். ஒன்று இன்னொன்றைத் தடுப்பதில்லை. டூம் ஆஃப் ஹாரர்ஸில் உயிர்பிழைத்து வருவதன் திரில் அசலானது. தகராறு வருவது, ஒருவர் கல்லறைப் போட்டிக்கும் இன்னொருவர் குடும்பக் காவியத்துக்கும் வந்து ஒரே மேசையில் உட்காரும்போதுதான்.

இரண்டு ரசனைக்கும் நடுவில் உண்மையான வித்தியாசம் ஒன்று உண்டு. செஸ்ஸில் என் தோல்வி உங்கள் வெற்றி. கணக்கு அங்கேயே நேராகிவிடும். கதை மேசையில் என் தோல்வி உங்களுக்குக் கிடைக்கும் காட்சி. என் மாவீரன் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டால், உங்கள் திருடிக்கு அவனை மீட்கும் வேலை வருகிறது. அதனால் இந்த ஆட்டத்தில் தேர்ந்தவர்கள், தங்கள் பாத்திரத்தின் ஓட்டையை மற்றவர்களுக்கு எட்டும் இடத்தில் வைக்கிறார்கள். போட்டி விளையாட்டில் இது முட்டாள்தனம். இங்கே இதுதான் திறமை.

ஆனால் சும்மா விட்டுக்கொடுத்துத் தோற்கிறவருக்கு இந்த மேசைகளில் மரியாதை கிடையாது. ஆசைப்படாத பாத்திரத்தின் தோல்வி யாரையும் தொடாது. கடைசிப் பகடைவரை தன் பாத்திரத்துக்காக முட்டிமோதிவிட்டு, எண் கைவிட்டதும் “சரி, அடுத்து என்ன?” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாரே, அவரைத்தான் அடுத்த வாரமும் கூப்பிடுகிறார்கள்.